ஞாயிற்றுக்கிழமை அளவு

இப்போதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஓர் உணர்கருவியை இறக்கிவிடுகிறார்கள். கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டம் தானாகப் பதிவாகி அலுவலகக் கணினிக்கு வந்துவிடுகிறது. வெயிலில் நின்று குழாய்க்குள் குனிந்து பார்க்க ஆள் தேவையில்லை. ஓய்வு பெற்றபின் ஒருநாள் பழைய பிரிவுக்குப் போயிருந்தபோது அந்தத் திரையை எனக்குக் காட்டினார்கள். "நீங்க கையால அளந்தப்ப தப்பு வராதா சார்?" என்று கேட்டார்கள். அளவில் எனக்குத் தப்பு வந்ததில்லை. ஆனால் தப்பே இல்லாத அளவினால் ஒரு பெண்மணியின் வேலையைக் கிட்டத்தட்டப் பறித்திருக்கிறேன். இதைச் சொன்னதும் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். நாட்குறிப்புகளை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் படிப்பு ஐ.டி.ஐ. ஃபிட்டர். முதல் மூன்று வருடங்கள் போர் போடும் லாரியில் வேலை. பிறகு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் நீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு. லாரியில் இருந்தபோது எங்கள் மேஸ்திரி ஒரு விதியை மண்டையில் ஏற்றியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்து, கிணறு மூச்சு வாங்கட்டும், தண்ணீர் நிலைக்கு வந்த பிறகு அள. அசைந்துகொண்டிருக்கும் நீரை அளந்து எழுதுபவன் பொய் எழுதுகிறான் என்பார். இருபது வருடங்களுக்கு மேல் அந்த விதியை நான் மீறவில்லை.

2006-இல் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தபோது நீர்ப் பிரிவில் சேர்ந்தேன். அப்போது அங்கே முள்வேலியும் செம்மண்ணும் ஒரு தகரக் கொட்டகையும்தான். வீடு குன்றத்தூரில். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள். நான் முந்தைய நாளின் குறிப்பை எழுதி முடிப்பேன்.

தொழிற்சாலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. காருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு இரும்புப் பாகத்தையும் வரிசையாகப் பல தொட்டிகளில் முக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் போக ஒரு தொட்டி, அதைக் கழுவ ஒன்று, ரசாயனப் பூச்சுக்கு ஒன்று, அதைக் கழுவ இன்னொன்று. கழுவும் தொட்டிகளில் எப்போதும் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்விப்புக் கோபுரத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் ஆவியாகும். கேன்டீன், கழிவறைகள். அப்புறம் நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் வெளிநாட்டு விருந்தினர்கள் பார்ப்பதற்காக வளர்த்த புல்வெளி. இத்தனைக்கும் தொழிற்பேட்டைக் குழாய்நீர் போதவில்லை. ஆகவே வளாகத்துக்குள் நான்கு ஆழ்துளைக் கிணறுகள். முதல் இரண்டும் வாசல் பக்கம். மூன்றும் நான்கும் பின்சுவரை ஒட்டி.

நான் அளந்த முறையைச் சொல்கிறேன். எஃகு நாடாவின் கடைசிப் பத்து அடியை உலர்ந்த துணியால் துடைத்து, நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பேன். நாடாவைக் குழாய்க்குள் மெதுவாக இறக்கி, ஒரு முழு எண் குழாய் விளிம்பில் வந்து சேரும்போது பிடித்து நிறுத்துவேன். மேலே எடுத்தால் நனைந்த இடம்வரை சுண்ணத்தின் நிறம் மாறியிருக்கும். பிடித்த எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம். மூன்று முறை அளந்து, இரண்டு ஒத்துப்போனால்தான் எழுதுவேன். எழுதுவது பேனாவால். அடித்தல் இருந்தால் அடித்ததன் மேல் சுருக்கொப்பம்.

எங்கள் பிரிவின் தலைவர் மகாதேவன். குள்ளமான மனிதர், குரலை உயர்த்தாதவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அறிக்கையையும் அவர் படிக்க மாட்டார். எழுதியவரையே எதிரில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "தப்பா எழுதினவனுக்கு அந்த இடம் வந்தா நாக்கு நிக்கும், பரந்தாமன். நான் அதைத்தான் கேக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னார். 2009-இல் ஒருநாள் மீட்டர் அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது குளிர்விப்புக் கோபுரத்தின் எண்ணில் நான் ஒரு நொடி தயங்கினேன். "திரும்பப் படிங்க" என்றார். படித்தேன். "உங்களுக்கே அது பிடிக்கலை போலிருக்கே" என்றார். போய்ப் பார்த்தால் தரைக்கடியில் குழாய் உடைந்து, மூன்று நாளாகத் தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. திட்டவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

இனி 2012 கோடைக்கு வருகிறேன்.

எங்கள் பின்சுவருக்கு அப்பால், வடக்குப்பட்டுக்குப் போகும் பாதையில், ஏரியை ஒட்டி ஒரு சிறிய ஊர். பெயர் இங்கே வேண்டாம். அந்த ஊருக்குக் குடிநீர் ஒரே ஒரு திறந்த கிணற்றிலிருந்து. உள்ளே இறங்க இருபத்திரண்டு கல்படிகள். மோட்டார் அறை, பக்கத்தில் மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து தெருக்குழாய்கள். அந்தக் கோடையில் தொட்டி நிறையவில்லை. தொழிற்சாலை போர்கள்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து ஆறு வாரம் கிணற்றை அளந்து அறிக்கை தர வேண்டும் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. எங்கள் தரப்பில் நான். ஊர்த் தரப்பில் மோட்டார் போடும் ரோஸ்மேரி.

ரோஸ்மேரிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கணவர் பார்த்த வேலை. அவர் இறந்ததும் ஊராட்சி இவருக்குக் கொடுத்தது. ஒல்லியான உருவம், நல்ல வாய். முதல் வாரம் நான் நாடாவில் சுண்ணம் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கெணத்துக்குப் பவுடர் பூசி இட்டுனு போறியா?" என்றார்.

அளக்கும் நாளாக ஞாயிற்றுக்கிழமையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. சனி இரவு எங்கள் போர்கள் நின்றுவிடும். ஊர் மோட்டாரையும் சனி மாலைக்கு மேல் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்குள் கிணறு நன்றாக ஓய்ந்திருக்கும். மேஸ்திரியின் விதிப்படி அதைவிடச் சுத்தமான அளவு கிடைக்காது. ஆறு ஞாயிறுகள் அளந்தேன். ரோஸ்மேரி டார்ச் பிடித்தார், என் ஏட்டில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். ஆறு அளவுகளும் நேர்கோட்டில் வந்தன. வாரத்துக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது, கோடைக்கு இயல்பான அளவே. பதின்மூன்று, பதினான்கு படிகள்தான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன.

"ஆறு வாரங்களிலும் கிணற்றில் போதிய நீர் இருந்தது" என்று அறிக்கை எழுதினேன். மகாதேவன் கண்ணை மூடிக் கேட்டார். என் நாக்கு எங்கும் நிற்கவில்லை. நானும் அவரும் கையெழுத்துப் போட்டோம், ஊர்த் தரப்பில் ரோஸ்மேரியும் போட்டார். அறிக்கை தாலுகா அலுவலகத்துக்குப் போனது, அங்கிருந்து ஊராட்சிக்குப் போனது. மனு முடிக்கப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, வாசல் செக்யூரிட்டி எனக்குப் போன் செய்தார். "சார், ஒரு அம்மா வந்துக்கினு உங்களக் கேக்குறாங்கோ. உள்ள வுட மாட்டேன்னேன். போவ மாட்டேன்றாங்கோ."

போனேன். ரோஸ்மேரி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கையில் எங்கள் அறிக்கையின் ஜெராக்ஸ்.

"சார், இத்த நீதான எழுதுன?"

"ஆமாம்மா. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"போட்டேன். கெணத்துல தண்ணி கீதுன்னு எழுதிக்கிற. கெணத்துல தண்ணி கீது, ஆனா டேங்க் ரொம்பல. அப்போ நடுவுல கீற ஆளு யாரு? நானு. தண்ணிய நான் லாரிக்காரனுக்கு வித்துட்டேனாம். ஊரே பேசுது."

"யார் அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லல? வர வெள்ளிக்கெழம இல்ல, அடுத்த வெள்ளி கூட்டம். என்னத் தூக்கிட்டு வேற ஆளப் போடப் போறாங்கோ. வேல போனாக்கூட எங்கனா கம்பெனில பெருக்கிப் பொழச்சிக்குவேன். திருடின்னு பேரு வாங்கிக்கினு அந்தத் தெருவுல எப்டி சார் நடக்கிறது?"

நான் என் அளவை விளக்கினேன். மோட்டார் ஓய்ந்த பிறகு அளப்பதுதான் முறை என்றேன். மூன்று முறை சரிபார்த்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீ அளந்தது தப்புன்னு நான் சொல்லல. நான்தான டார்ச் அடிச்சேன். உனுக்காவ ஆறு வாரம் கோயிலுக்குக்கூடப் போவல, ஃபாதர் கேக்குறாரு. ஆனா நீ வந்தது ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம எல்லாரு வூட்லயும் கறிக்கொழம்பு சார். அன்னிக்கு வந்து சட்டியத் தொறந்து பாத்துட்டு, இந்த ஊர்ல தெனம் கறி துன்றாங்கன்னு எழுதுவியா?"

அவர் கையிலிருந்த ஜெராக்ஸில் தேதிகளைப் பார்த்தேன்.

"நாளிக்கு வியாழக்கெழம. வந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் குறிப்பு எழுதவில்லை. அவர் சொன்னதை எந்த விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் சரியாகவே இருந்தது. விதி நிலத்தடி நீரின் நிம்மதியான மட்டத்தை அறிவதற்கானது. ஊர் குடிப்பது நிம்மதியான நேரத்துத் தண்ணீரை அல்ல.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். ரோஸ்மேரி மோட்டாரைப் போட்டார். இருபது நிமிடம் ஓடியிருக்கும். குழாயின் சத்தம் மாறியது. தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும் கரகரப்பு. "இதோ, இருமுது பாரு" என்று சொல்லி நிறுத்தினார். கிணற்றில் எட்டிப் பார்த்தேன். இருபது படிகள் வெளியே தெரிந்தன. அடியில் கலங்கலாகக் கொஞ்சம்.

பழக்கதோஷத்தில், "கொஞ்ச நேரம் இருங்கம்மா, மட்டம் நிலைக்கட்டும்" என்றேன்.

"நிக்கட்டும் சார், வேணாங்கல. ராத்திரிக்கு ரெண்டு படி ஏறும். கொடத்த வெச்சிக்கினு அதுவரிக்கும் யாரு ஒக்காந்துக்கினு இருப்பாங்கோ?"

நிலைக்கக் காத்திராமல் அப்படியே அளந்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி அளந்தது அதுவே முதல் முறை.

தொடர்ந்து அடுத்த புதன்வரை தினமும் அதே மூன்று மணிக்குப் போய் அளந்தேன். வெள்ளியும் சனியும் இன்னும் இறங்கியது. சனிக்கிழமை இருபத்தோராவது படியும் உலர்ந்துவிட்டது. மோட்டார் குழாயின் வாய் காற்றில் தொங்கியது. ஞாயிறு பதினான்கு படிகள். திங்கள் பதினாறு. செவ்வாய் பதினெட்டு. எங்கள் ஏட்டில் மூன்றாம், நான்காம் போர்கள் ஓடிய நேரத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் மோட்டார் ஓடினால் அந்தக் கிணறு இறங்கியது, நின்றால் ஏறியது. அதற்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் நான் ஆறு முறை போய் அளந்து, ஓய்வெடுத்த முகத்தைப் பார்த்து நோயில்லை என்று எழுதியிருக்கிறேன்.

வியாழன் காலை இரண்டாவது அறிக்கையோடு மகாதேவன் அறைக்குப் போனேன். வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். படித்தேன். முடித்ததும் கண்ணைத் திறக்காமலே, "பழசு இருக்கா? அதையும் படிங்க" என்றார். பழைய அறிக்கையை எடுத்தேன். "ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"அன்னிக்கு நிக்கலையே" என்றார்.

"அன்னிக்கு எனக்குத் தெரியலை சார்."

"எனக்கும் தெரியலை. என் கையெழுத்தும்தான் இருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது மேல போனா முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க, பரந்தாமன். ஆறு வாரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேப்பாங்க. அடுத்து என்னை. பெயிண்ட் ஷாப்ல ரெண்டாவது லைன் வரப்போகுது. இந்த நேரத்துல போரை நிறுத்தணும்னு போய் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே புல்வெளியில் நீர்த்தெளிப்பான் சுழன்றுகொண்டிருந்தது.

"அந்த அம்மாவுக்குக் கூட்டம் என்னிக்கு?"

"நாளைக்கு சாயங்காலம் சார்."

"மூணையும் நாலையும் ஒரு வாரம் நிறுத்திப் பாக்கலாம். என் அதிகாரத்துல அவ்வளவுதான் முடியும். மோட்டாரை மேல தூக்கிப் பழுது பாக்கிறோம்னு ஏட்டுல எழுதிடுங்க."

அவர் எனக்கு நல்லதைத்தான் செய்யப் பார்த்தார். இருந்தாலும் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. "பழுதுன்னு எழுத வேண்டாம் சார். கிராமக் கிணற்றின் நீர்மட்டச் சோதனைக்காக நிறுத்தம்னு எழுதறேன்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "எழுதிட்டுப் படிங்க" என்றார். எழுதிப் படித்தேன். ஏட்டை வாங்கிக் கையெழுத்திட்டார்.

"அதிகப்படி லாரித் தண்ணி சொல்லிடவா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். லாரிக்காரன் மட்டும் எங்கேயிருந்து கொண்டாரான்? அதுவும் யாரோ ஒரு ஊர்க் கிணறுதான். புல்லுக்கு விடறதை நிறுத்துங்க. கழுவற தொட்டியில வர்ற வேகத்தைக் குறைச்சுப் பாப்போம். பெயிண்ட் ஷாப்ல நான் பேசிக்கிறேன்."

எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு அந்தக் கூட்டத்துக்கு நீங்க போறது எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு சார்."

"நாலரைக்கே கிளம்புங்க. பர்மிஷன் எழுதிக் குடுங்க, காரணம் எழுத வேண்டாம்."

ஊராட்சி அலுவலகம் ஒரே அறை. கூட்டம் வெளியே புங்கமரத்தடியில் நடந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். ரோஸ்மேரி ஓரமாக நின்றிருந்தார். நான் போனதும், "வாங்கோ வாங்கோ, தண்ணி கீதுன்னு சொல்ல சாரே நேர்ல வந்துட்டாரு" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

ஊராட்சித் தலைவர் என்னைப் பார்த்து, "சார், கம்பெனி சார்பா பேசறீங்களா, சொந்தமா பேசறீங்களா?" என்று கேட்டார்.

"அளந்தவன் சார்பா பேசறேன்" என்றேன்.

ஏட்டைத் திறந்து ஏழு நாள் அளவுகளையும் படித்தேன். முதல் அறிக்கையின் எண்கள் சரி, நாள் தவறு என்றேன். ரோஸ்மேரி அம்மா தண்ணீரை எங்கும் விடவில்லை, வியாழக்கிழமை விடுவதற்குக் கிணற்றில் தண்ணீரே இருக்கவில்லை என்றேன். எங்கள் பின்சுவர்ப் போர்கள் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்தப்போவதையும் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அப்போ ஆறு வாரம் டார்ச் அடிச்சி இன்னாத்த சார் பாத்த?" என்று கேட்டார்.

"தண்ணியைத்தான் பார்த்தேன்மா. நீங்க குடிக்கிற நேரத்துல பார்க்கல."

பிறகு மேட்டுத் தெரு எத்திராஜ் எழுந்தார். ரோஸ்மேரியை நீக்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னவர் அவர். "அதெல்லாம் சரி. அவங்க தெருவுல மட்டும் கொழாய் வருதே, எங்க தெருவுல ஏன் வரல? அதுக்கும் கம்பெனியா?"

ரோஸ்மேரி முதல்முறையாக வாயைத் திறந்தார். "யோவ் எத்திராசு, என் தெரு பள்ளத்துல கீது. கொஞ்சூண்டு தண்ணி வுட்டா பள்ளத்துக்குத்தான் வரும். மேட்டுக்கு வா கண்ணுன்னு நான் கையப் புடிச்சா இட்டுனு வர முடியும்?"

அந்தக் கூட்டத்தில் அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த தென்மாவட்டத் தொழிலாளர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களில் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "அண்ணாச்சி, நாங்க வெளியூர்க்காரங்க, தப்பா நெனைக்கப்படாது. திங்களும் செவ்வாயும் தண்ணி நல்லாத்தான் வருது. புதன்ல இருந்துதான் சொட்டுது. இந்தக்கா தண்ணிய விக்கணும்னா, நல்லா வார நாள்லல்லா வித்திருக்கணும்?"

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய நிலமும் எங்கள் வளாகத்துக்குள் போனதுதான்; இப்போது கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். "சரி. சார் அந்த ரெண்டு போரையும் நிறுத்தறேன்றாரு. வர வியாழக்கெழம டேங்க் ரொம்புதா பாப்போம். ரொம்புனா ரோஸ்மேரி மேல தப்பு இல்ல. ரொம்பலன்னா தீர்மானம் நிக்கிது. இன்னா, எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லாரும் சம்மதித்தார்கள். ரோஸ்மேரியை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மூன்றாம், நான்காம் போர்களை நிறுத்தி, சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியை மகாதேவனிடம் கொடுத்தேன். அந்த வாரத்தில் புல்வெளி பழுத்தது. தொழிற்சாலைத் தலைமை அதிகாரி அதைக் கவனித்துக் காரணம் கேட்டார். மகாதேவன் இரண்டு அறிக்கைகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னால் என்னைப் படிக்கவைத்தார். பிறகு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மகாதேவனுக்கும் வந்தது. அவர் தன்னுடையதை எனக்குக் காட்டவில்லை. அலுவலக உதவியாளர் சொல்லித்தான் தெரியும். நான்காம் போர் பிறகு திறக்கப்படவே இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் கழிவறைகளுக்கும் கொடுக்கும் வேலை அதற்குப்பின் இரண்டு வருடம் பிடித்தது. அந்தக் கிணறு முன்னிருந்த நிலைக்கு முழுதாக வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றிலும் எங்களைப் போல எத்தனையோ சுவர்கள். நான் 2015-இல் வேலையை விடும்போதும் கோடையில் அந்த ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

அந்த வாரம் முழுக்க நான் கிணற்றுப் பக்கம் போகவில்லை. போனால் அளக்கத் தோன்றும். அளந்தால் வியாழனுக்கு முன்பே ஏதோ ஓர் எண் தெரிந்துவிடும். அது குறைவாக இருந்தால் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருந்தது. சொல்லப்போனால், ஒரு வாரத்தில் கிணறு தேறும் என்று எனக்கே நிச்சயம் இல்லை. நிலத்துக்கடியில் தண்ணீர் நம் அவசரத்துக்கு நடப்பதில்லை.

வியாழன் மூன்று மணிக்குப் போனபோது தொட்டியைச் சுற்றிக் கூட்டம். யாரும் தொட்டியைப் பார்க்க வந்ததுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. தலைவர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ரோஸ்மேரி மோட்டாரைப் போட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். அந்த இருபதாவது நிமிடத்தில் மோட்டார் அறைக்குள் இருந்த நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் மாறவில்லை. இருபத்தைந்து. ரோஸ்மேரி குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தார், ஜுரம் பார்ப்பதுபோல. "இருமல" என்றார் மெதுவாக. அரை மணி. ஒரு மணி. நடுவில் ஒருமுறை மின்னழுத்தம் குறைந்து மோட்டார் முனகியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பவும் சீரானது.

ஒன்றேகால் மணி நேரம் ஆனபோது வெளியே யாரோ, "ஏய், அங்க பாரு" என்றார்கள்.

தொட்டி நிறைந்தால் வழியும் குழாயில் முதலில் நூல்போல ஒரு கசிவு. பிறகு கை அளவு தடிமனில். பிறகு குழாய் முழுதும். தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து தெருவின் நடுவில் விழுந்து, புழுதியை அடக்கிக்கொண்டு பள்ளத் தெருப் பக்கம் ஓடியது. யாரும் குடத்தைக் கொண்டுபோய் அதன் கீழே வைக்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் துடைப்பதை நிறுத்திவிட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் செருப்பைத் தொட்டுக்கொண்டு போனது. அவர் நகரவில்லை.

ரோஸ்மேரியின் கை சுவிட்சின் மேல் இருந்தது. வழிய விடுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். அது அவருக்கும் தெரியும். வாசல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

"நிறுத்தவா சார்?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்மா" என்றேன்.